வண்டியில் இல்லாத இரைச்சல்

அந்த லாரியில் ஏறி ஹெட்போனை மாட்டினால் மனிதக் குரல் கேட்காது, எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற சத்தம்தான் கேட்கும். எஞ்சின் நின்றிருக்கும்வரை எல்லாம் சுத்தம். கொல்லிமலைக்கு மேலே வாழவந்தி நாட்டுப் பக்கம் கூடாரம் போட்டிருந்த எங்கள் ஆள் மூக்கை உறிஞ்சினால்கூடக் கேட்கும். டிரைவர் எஞ்சினை முடுக்கியதும் வடை வேக ஆரம்பித்துவிடும். வண்டி வேகமெடுத்தால் வடையும் வேகமெடுக்கும்.

போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. திருச்சியில் ஒரு கடையில் கிராமபோனும் ரேடியோவும் பழுது பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பட்டாளத்தில் வயர்லெஸ் மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள். வயது இருபத்திரண்டு. உலகத்தில் எனக்குத் தெரியாத ஒயர் எதுவும் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பினேன். கோபமும் நிறைய வரும். இப்போதும் வருகிறது, ஆனால் இப்போது யாரும் பயப்படுவதில்லை.

எங்கள் முகாம் சேந்தமங்கலத்துக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில். மொத்தம் பதினைந்து பேர். எங்களுக்கு வைத்திருந்த வேலை கேட்க எளிது: மலைக்கு மேலே ஒரு வயர்லெஸ் பெட்டி, கீழே ஓடுகிற லாரியில் ஒரு பெட்டி, இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். நின்றுகொண்டு பேசுவதை எவனும் செய்வான். ஓடிக்கொண்டே பேசுவதுதான் பாடம், நாளைக்குப் போர்முனையில் லாரி நிற்காது என்றார் எங்கள் கேப்டன். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. மேலே இருந்தவனுக்கு வேண்டிய பேட்டரியை மலை விவசாயிகள்தான் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அமிலம் சிந்தாமல் அந்தச் செங்குத்தில் அவர்கள் நடந்ததைப் பார்த்தபின், வெறுங்கையோடு ஏறி மூச்சிரைத்த கதையை நான் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

மேலிருந்து கீழே கேட்பதில்தான் தொல்லை. நாங்கள் பேசுவது மலைக்கு நன்றாகவே கேட்டது. மலை பேசுவது லாரிக்குக் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் மதராஸிலிருந்து பெரிய துரை ஒருவர் வருவார், ஓடுகிற லாரியில் உட்கார்ந்து தன் காதால் கேட்டுப் பார்ப்பார், அதற்குள் இரைச்சலை ஒழித்துவிடு என்று கேப்டன் என்னிடம் சொன்னார். அவர் கோபப்படுகிற மனிதர் அல்ல. எழுதி வைத்துக்கொள்கிற மனிதர். அது இன்னும் மோசம்.

லாரி டிரைவர் பேளுக்குறிச்சிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு வருஷம் வடக்கே எங்கெங்கோ வண்டி ஓட்டிவிட்டு, யாரோ ஒரு குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் போட்டதில் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்திருந்தார். வாரம் ஒருமுறை சந்தை நாளில் பேளுக்குறிச்சி வழியாகப் போவோம். சந்தை முனையில் அவர் மனைவி தூக்குப்போசியோடு நிற்பார். சோளச்சோறும் கீரைக் கடைசலும் அவருக்கு ஒரு போசி, எனக்கு ஒரு போசி. அந்தச் சமயத்தில் கிழக்கே கப்பலேற்றி அனுப்ப டிரைவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த லாரி இங்கே இருக்கிறவரைக்கும் அவரும் இங்கே. லாரி வேண்டாமென்று ஆனால் அவர் கப்பலில். இது முகாமில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுவாரசியமான வேலை. எஞ்சினுக்குள் ஒவ்வொரு பிளக்கும் நெருப்புப் பொறி விடும்போதெல்லாம் ஒரு குட்டி வயர்லெஸ் நிலையம் மாதிரி ஒலிபரப்பு செய்கிறது. டைனமோ தன் பங்குக்கு ஊளையிடும். வண்டியின் உடம்பிலே தளர்ந்த தகரம் ஒன்றோடொன்று உரசினால் அது தனியாகப் படபடக்கும். எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. வண்டி நல்ல வேகத்தில் போகும்போது கியரை எடுக்காமல் சாவியை மட்டும் அணைக்க வேண்டும். சட்டென்று நின்றுபோகும் சத்தம் பிளக்குடையது. வண்டியோடு சேர்ந்து மெதுவாக இறங்கி அடங்கும் ஊளை டைனமோவுடையது. இரண்டும் போனபின் மேடு பள்ளத்தில் மட்டும் குதிக்கிற சத்தம் தகரத்துடையது.

இதை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யச் சொல்வேன். டிரைவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

"ஏனுங்க மெக்கானிக்கு, ஓடுற குதிரைய நடுவுல தூங்கச் சொன்னா அது என்ன பண்ணுமுங்க?"

"அணைங்கண்ணா, அணைங்க!"

"அணைச்சுட்டனுங்க. கேட்டுக்குங்க. பின்னால மாட்டுவண்டிக்காரரு நம்மள வெய்யறதும் கேக்குமுங்க."

பிளக் ஒயர்கள் ஒவ்வொன்றிலும் சப்ரஸர் என்கிற சின்னத் தடுப்பைப் போட்டேன். பொறியின் ஆட்டம் அடங்கியது. டைனமோவுக்கு ஒரு கண்டென்ஸரைக் கட்டினேன். ஊளை போயிற்று. மிஞ்சியது தகரம். அதற்கு மருந்து, பின்னிய செம்புப் பட்டை. பானெட்டுக்கும் உடம்புக்கும் ஒன்று, எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் ஒன்று, புகைக்குழாய்க்கு ஒன்று என்று வண்டியின் எல்லா உறுப்புகளையும் ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். பட்டை படுகிற இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. பெயின்ட் மின்சாரத்தை விடாது. எனவே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு இரும்பு பளபளக்கிறவரைக்கும் சுரண்டினேன்.

இங்கேதான் எனக்கும் டிரைவருக்கும் முட்டிக்கொண்டது. பட்டாளத்தில் திங்கட்கிழமைதோறும் பார்வையிடல். கேப்டன் கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு வண்டியைச் சுற்றி வருவார். அழுக்குப் பட்டால் தொலைந்தோம், துருப் பட்டால் அதைவிடத் தொலைந்தோம். எங்கள் டிரைவரின் லாரியில் அந்தக் கைக்குட்டை ஒரு நாளும் கறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு டப்பா பச்சைப் பெயின்டும் வேப்பங்குச்சி கனத்தில் ஒரு பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுவிடுவார். நான் சனிக்கிழமை சுரண்டிய இடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சையாகிவிடும். சும்மா மேலே பூசினால்கூடப் பரவாயில்லை. பட்டையைக் கழற்றி, அடியில் பெயின்டை ஆசையோடு பூசி, காயவைத்து, திரும்ப மாட்டுவார். திங்கட்கிழமை நான் ஹெட்போனை மாட்டினால் படபடவென்று வரும்.

"அண்ணா, நான் சுரண்டுனது வேணும்னுதான் சுரண்டுனேன்."

"எம்பட வண்டி மூஞ்சிய இப்படிப் பொறாண்டி வெச்சா நான் எப்படிங்க தொரை முன்னால நிக்கறது? எம் பொண்டாட்டிய நகத்துல கீறி வெச்ச மாதிரி இருக்குதுங்க."

மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. நான் சுரண்ட, அவர் பூச. கடைசியில் சமாதானத்துக்கு வழி சொன்னவரும் அவர்தான். முதலில் சுரண்டுவது, பட்டையை வைத்து முறுக்குவது, அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே பெயின்ட். உள்ளே இரும்போடு இரும்பு ஒட்டியிருக்கும், வெளியே பச்சை மினுங்கும், துருவும் பிடிக்காது. பிற்பாடு ஒரு பெரிய பணிமனையில் இதைத்தான் சரியான முறை என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு படபடப்பு மிச்சமிருந்தது. சாதாரண ரோட்டில் கொஞ்சம். பேளுக்குறிச்சி ரோட்டின் குழிகளில் ரொம்ப. மலைக்கு மேலிருந்தவன் ஒரு வாக்கியம் சொன்னால் அதில் பாதியைக் குழி விழுங்கிவிடும். நான் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் திரும்ப முறுக்கினேன். கதவைக் கழற்றி மாட்டினேன். டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. துரை வர ஒரு வாரம்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் முகாமில் பத்துப் பேர் நடுவில் நான் சொன்னேன்: "இது ஓட்டை வண்டி. இதை வெச்சுக்கிட்டுக் கடவுள் வந்தாலும் கேக்க முடியாது."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "வண்டில ஒண்ணுமில்லீங்க. நாந்தான் தெனமும் தொட்டுத் தொட்டுப் பாக்கறனே. சத்தம் உங்க பொட்டிலதானுங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். லாரி ஓட்டுகிறவர் வயர்லெஸ்ஸைப் பற்றி எனக்குச் சொல்வதா? எனக்குக் காது மடல் சுட்டது. நேரே கூடாரத்துக்குப் போய்க் காகிதத்தை எடுத்து, இரைச்சலுக்குக் காரணம் லாரியின் உடம்பு தளர்ந்திருப்பதே, பராமரிப்புப் போதாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேப்டனிடம் கொடுத்துவிட்டேன். அவர் வழக்கப்படி வாங்கிக் கோப்பில் வைத்தார். அன்றைய தபாலில் அது மேலே போய்விட்டது. ஒருவேளை சோறு சாப்பிட்டிருந்தால் கோபம் அடங்கியிருக்கும். நான் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்தை நாள். டிரைவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அவர் முன்னால் ஓட்டினார், நான் பின்னால் பெட்டிக்கு முன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். சந்தை முனையில் அவர் மனைவி போசிகளோடு நின்றார். காலடியில் ஒரு மூட்டை சாமை. மலைக்காரர்களிடம் வாங்கியது. வீடு சந்தையிலிருந்து ஒரு மைல், நாங்கள் போகிற வழியில்தான். பட்டாள வண்டியில் வெளியாரை ஏற்றக் கூடாது. டிரைவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"ஏத்திக்கலாமுங்களா?"

"ஏறட்டும்" என்றேன். எழுதிக் கொடுத்த காகிதம் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு மைல் உபகாரம் செய்வதில் எனக்கு ஒரு திருப்தி.

மூட்டையை வயர்லெஸ் பெட்டியின் இரும்புத் தாங்கியில் சாய்த்துவைத்து, மூட்டைமேல் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பெரிய குழி ஒன்று வந்தது. ஹெட்போனில் ஒன்றுமில்லை. இன்னொரு குழி. ஒன்றுமில்லை. மலைக்கு மேலிருந்தவன், சுற்றிலும் அதிகாரி இல்லையென்ற தைரியத்தில், தனக்கு அனுப்பிய அரிசியில் கல் இருந்ததைப் பற்றி விரிவாகத் தமிழில் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சொல் விடாமல் கேட்டது. அவனுடைய ஆத்திரம்கூடத் தெளிவாகக் கேட்டது.

டிரைவர் வீட்டு முன் வண்டி நின்றது. அந்த அம்மாள் இறங்கினார், மூட்டையை இறக்கினார். நூறு கஜம் போனதும் படபட.

"நிறுத்துங்கண்ணா! பின்னால போங்க, பின்னால போங்க!"

வாசலில் நின்றவரிடம் ஓடினேன். "அக்கா, மூட்டையத் தூக்கிக்கிட்டு இன்னொரு தரம் ஏறுங்க. அதே இடத்துல உக்காருங்க."

"ஏஞ்சாமி, வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஏறுங்கக்கா!"

ஏறினார். வண்டி மறுபடியும் குழிகளில் ஓடியது. சாய்ந்தார், சத்தம் நின்றது. நிமிர்ந்து உட்காரச் சொன்னேன், சத்தம் வந்தது. சாயுங்கள், நிமிருங்கள், சாயுங்கள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாய்ந்தும் நிமிர்ந்தும் கொடுத்தார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, இரண்டு நாளாகப் பேசாதவர், "இதுக்கெல்லாம் பட்டாளத்துல சம்பளமுங்களா?" என்றார்.

பெட்டியைத் தாங்கியோடு தூக்கிப் பார்த்தேன். தாங்கியிலிருந்து வண்டித் தரைக்குப் போகிற செம்புப் பட்டை, நானே மாட்டியது, அழகாக முறுக்கியிருந்தேன். அடியில் முழுசாகப் பெயின்ட். டிரைவரின் பெயின்ட் அல்ல, தாங்கி வந்தபோதே அதில் இருந்த சாம்பல் நிறப் பெயின்ட். லாரி முழுக்க உப்புத்தாளோடு தவழ்ந்தவன் என் சொந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு நாளும் சுரண்டவில்லை. அது வயர்லெஸ்காரர்களின் பொருள், அதில் தப்பு இருக்கலாம் என்று எண்ணக்கூட இல்லை, அவ்வளவு நிச்சயம். மூட்டையோடு அந்த அம்மாளும் சாய்ந்த கனத்தில் தாங்கி அழுந்தும்போது மட்டும் இரும்பு இரும்பைத் தொட்டிருக்கிறது.

ஐந்து நிமிஷ வேலை. சுரண்டி மாட்டினேன். "என்னங்க ஆச்சு?" என்று டிரைவர் கேட்டார். "ஒரு இணைப்பு தளர்ந்திருந்துச்சு" என்றேன். எந்த இணைப்பு என்று அவரும் கேட்கவில்லை. வடைச்சட்டி போயே போய்விட்டது. அந்த அம்மாளை வீட்டில் இறக்கிவிடத் திரும்பிய வழியெல்லாம் மூன்று பேருக்கும் சந்தோஷம், மலைக்கு மேலிருந்தவனையும் சேர்த்தால் நான்கு. நான் வாய்விட்டுப் பாடினேன். அந்தக் காகிதம் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வந்தது. லாரிதான் சரியாகிவிட்டதே, இனி யார் அதைப் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய துரை வந்தார். குழிகள் நிறைந்த அந்த ரோட்டில் லாரி குதித்துக் குதித்து ஓட, அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மலையோடு பேசினார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார். கேப்டன் முகத்தில் அன்றுதான் நான் பல்லைப் பார்த்தேன். உனக்குச் சட்டைக் கையில் ஒரு பதவிப் பட்டை சிபாரிசு செய்கிறேன் என்றார். அதற்குப் பிறகு கேட்டார்:

"ஆக, நீ எழுதியபடி கோளாறு லாரியில்தான் இருந்தது. இல்லையா?"

"ஆமாம், சார்."

இவ்வளவுதான் நான் சொன்னது. பெரிய துரை பக்கத்தில் நின்றார், தோளில் அவர் தட்டிய சூடு இன்னும் இருந்தது. கோளாறு என் பெட்டியில்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் சட்டைக்குப் பட்டை தைக்கத் தையற்காரரைத் தேடிப் போய்விட்டேன். அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

நாலாவது நாள் உத்தரவு வந்தது. லாரி நன்றாக ஓடுவதால் லாரி இங்கேயே இருக்கலாம். வண்டியைப் பராமரிக்கத் தெரியாத டிரைவர் வயர்லெஸ் பிரிவுக்குத் தேவையில்லை. சேலத்தில் ரயிலேறி, கிழக்கே போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டியது. பராமரிக்கத் தெரியாத டிரைவர்! ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போல்ட்டுக்குப் பொட்டு வைத்தாற்போலப் பெயின்ட் வைத்த மனிதர்.

ஓடினேன். கேப்டனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோளாறு என் தாங்கியில், என் பட்டையில், என் கண்ணில், நான் எழுதியது பொய் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அன்றைக்குத் துரை முன்னால் உன்னைக் கேட்டேன்" என்றார். "நீ ஆமாம் என்றாய். நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது இல்லை என்று எழுதினால் இரண்டு கையெழுத்தும் பொய்யாகும். நான் எழுதப்போவதில்லை."

என் பதவிப் பட்டையைக்கூட அவர் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டிரைவர் மறுநாள் காலை கிளம்பினார். புது டிரைவரிடம் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் ஒப்படைத்து, எந்தக் கதவு எங்கே ஒட்டும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் எதுல தப்புப் பண்ணுனேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? எனக்குப் புரியவே மாட்டீங்குதுங்க."

தெரியாது என்றேன். கேப்டனிடம் எல்லாவற்றையும் கொட்டிய அதே வாயாலேயே சொன்னேன்.

படிக்கிறவர்கள் பதற வேண்டாம்: அவர் போர் முடிந்து முழு உடம்போடு ஊர் திரும்பினார் என்று சில வருஷங்கள் கழித்து எனக்குத் தெரிய வந்தது. ஆனால் அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. கிழக்கே போனவர்களைப் பற்றி வந்த செய்திகள் நல்லவையாக இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சந்தை நாளில், புது டிரைவர் வண்டியை நிறுத்த, அந்த அம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தார். கையில் ஒரே ஒரு போசி. அழுது வீங்கிய கண். ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சாஞ்சு உக்காந்துதான சாமி சத்தமே நின்னுச்சு? அப்பறமும் ஏஞ்சாமி அவர அனுப்பிப்போட்டாங்க?"

சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டி என்னுடையது, கோளாறு என்னுடையது, காகிதம் என்னுடையது, ஆமாம் என்று சொன்ன நாக்கும் என்னுடையது என்று. சந்தைச் சத்தத்தில் பாதி கேட்காமல் போகட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டது. சிரிப்பு நின்றது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

போசியை என்னிடம் நீட்டினார்.

"சாப்புடுங்க. அந்தத் தம்பிக்குக் குடுக்காம இருந்துராதேன்னு அவரு சொல்லிப்போட்டுப் போனாரு. அவரு சொன்னதுக்காகக் கொண்டாந்தேன். அடுத்த சந்தைக்கு வரமாட்டேனுங்க."

அதுவரைக்கும் வீட்டுப் பிள்ளையைப் போல 'சாமி' என்பாரே தவிர, என்னை அவர் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டு, போசியைக் கழுவி அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நடந்தார்.